தோள் தசைநாண் நோவு: எவ்வளவு குறைந்தால் குணம்?

தோள் தசைநாண் நோவு பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இயன்மருத்துவர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கிளிநொச்சிக் கமக்காரர்: மருந்துத் தாங்கி சுமந்து தெளித்ததில் தோள் நோவு வந்தது. ஆறு கிழமைப் பயிற்சிக்குப் பின், பத்துக்கு 7 என்று சொன்ன நோவை இப்போது 5 என்கிறேன். இது குணந்தானா?

பதில்: ஐயா, நாட்பட்ட நோவுடையோர் 2 புள்ளிக் குறைவை நல்ல முன்னேற்றமாகவே உணர்கின்றனர், தோள் தசைநாண் நோயாளருக்கு ஏறத்தாழ 1.4 போதுமென்றும் ஆய்வு காட்டியுள்ளது. ஆனால் 7 என்றது மருந்தடிப்பு மும்முரமாக நடந்த நாளிலும், 5 என்றது வயல் வேலை ஓய்ந்த கிழமையிலும் என்றால், குறைந்ததில் பயிற்சியின் பங்கு எது, ஓய்வின் பங்கு எது என்று பிரிக்க முடியாது. வழமைபோல் வேலை செய்த நாளொன்றின் மாலையில் மீண்டும் புள்ளி சொல்லுங்கள்.

வவுனியா இயன்மருத்துவர்: தோள் நோவையும் இயலாமையையும் 0 முதல் 100 வரை அளக்கும் 'ஸ்பாடி' வினாக்கொத்தில் என் நோயாளியின் புள்ளி 62 இலிருந்து 52 ஆகியுள்ளது. 8 முதல் 13 வரை குறைந்தால் பயனுள்ள மாற்றம் என்கிறார்கள். மாற்றம் 18 ஐவிடச் சிறிதென்றால் அது அளவீட்டுப் பிழையாகவும் இருக்கலாம் என்கிறார்கள். எதை ஏற்பது?

பதில்: தம்பி, அவை இரண்டும் ஒரே வினாவுக்கான விடைகள் அல்ல. முதலாவது, 'முன்பைவிடச் சற்று நலம்' என்று தாமே கூறிய நோயாளரின் புள்ளி எவ்வளவு மாறியிருந்தது என்று பார்த்துப் பெறப்பட்டது. நோயாளி பயனென்று உணரும் மிகச் சிறிய மாற்றம் என்ற இக்கருத்து 1989 இல் முன்வைக்கப்பட்டது. இரண்டாவது, நிலை மாறாத ஒருவரை மறுபடி அளந்தாலும் எண் எவ்வளவு அசையும் என்பதிலிருந்து வருகிறது. ஆகவே ஒரு குழுவின் சராசரி 10 குறைந்தால் அதற்குப் பொருளுண்டு. ஒரு தனி மனிதரிடம் அந்தப் 10 ஐ மட்டும் வைத்து உறுதி கூறலாகாது. தொடக்கத்திலேயே 20 இல் இருந்தவரிடம் 18 குறைய வேண்டுமென எதிர்பார்ப்பதும் நியாயமன்று. நான் எண்ணுடன் சேர்த்து, தமக்கு மிக முக்கியமான வேலை ஒன்றை நோயாளியையே சொல்லச் செய்து, அதையும் தனியே புள்ளியிட்டு வருகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மகள்: காற்சட்டையின் பின்பையிலிருந்து பொருள் எடுப்பது பற்றி 'ஸ்பாடி'யில் ஒரு கேள்வி உண்டு. சேலை உடுத்தும் அம்மா அதற்கு 0 போட்டுவிட்டார். தவறா?

பதில்: ஆம், மகள், திருத்த வேண்டிய தவறு. 0 என்றால் சிரமமே இல்லை என்றாகும். தொடக்கப் புள்ளி பொய்யாகக் குறைந்து, பின்னர் வரும் முன்னேற்றமும் சிறிதாகத் தெரியும். பொருந்தாத கேள்வியை விட்டுவிட்டு, விடையளித்தவற்றுக்கு மட்டும் கணக்கிடலாம். தலைக்கு முழுகுவது, முதுகு தேய்ப்பது பற்றிய கேள்விகள் அம்மாவுக்கு நன்கு பொருந்தும். அவற்றை நிதானமாகக் கேளுங்கள்.

முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்: வயது 63. நோவு குறைந்து வலை இழுக்கிறேன். ஆனால் ஸ்கானில் தசைநாண் கிழிவு அப்படியே இருக்கிறதாம்.

பதில்: அண்ணை, அறுபது கடந்தவர்களில் நோவே இல்லாத பலரின் தோளிலும் கிழிவு உண்டு, உங்கள் முன்னேற்றத்தை வலைதான் காட்டுகிறது. கையை உயர்த்தும் பலம் குறைந்தால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.