கரிக்கிற தண்ணீரில் தளம் போடலாமா?

கேள்வி: கடலோர வாலிநோக்கம் பக்கம் இருக்கிறோம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கிடைத்திருக்கிறது. போர் தண்ணீர் கரிக்கிறது. லாரித் தண்ணீருக்கு வசதியில்லை. கொத்தனார் "இதிலேயே போடலாம்" என்கிறார். அம்மாவின் பழைய தொகுப்பு வீட்டில் கூரை பெயர்ந்து கம்பி தெரிவதால் பயமாக இருக்கிறது.

பதில்: கம்பி வைத்துப் போடும் எதற்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பெயர்க்கும். உங்கள் அம்மா வீட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்க வருஷங்கள் ஆகும். கலவையிலேயே உப்பு இருந்தால் கம்பி முதல் நாளே அதில் மாட்டிக்கொள்கிறது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி கம்பிக் காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

செலவை நினைத்து மலைக்காதீர்கள். 300 சதுர அடிக் கூரைத் தளத்தை 5 அங்குலக் கனத்தில் போட, கலவைக்கு ஏறக்குறைய 600 லிட்டர் தண்ணீர் போதும். மூன்று பெரிய டிரம், அவ்வளவுதான். ஒரு சிமெண்ட் மூட்டைக்கு 22 லிட்டருக்கு மேல் ஊற்ற விடாதீர்கள். அப்புறம் நீராற்றுவதற்கும், அதாவது போட்ட தளத்தைக் காயாமல் ஈரமாக வைத்திருப்பதற்கும், நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஈரச் சாக்கைப் பரப்பித் தார்ப்பாய் மூடினால் குறைவாகச் செலவாகும். சாம்பலோ கசடோ கலந்த கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாள் ஈரம் காயக் கூடாது. கடல் மணலைத் தொடவே வேண்டாம். கடலோரத்தில் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட் கனம், கேட்கிறது விதி. கவரைக் கூட்டினால் தளத்தின் கனம் போதுமா என்று ஒன்றியப் பொறியாளரிடம் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடியில் கட்டுபவருக்கும் உங்களுக்கும் திட்டம் தருவது அதே 3.50 லட்சம்தான். உப்பின் செலவு மட்டும் உங்கள் தலையில். கையில் காசிருப்பவர் லாரி வரவழைப்பார். இல்லாதவர் போர் தண்ணீரில் கட்டுவார். கட்டி முடித்த வீட்டைப் படம் பிடித்தால் சுவர் தெரியும், உப்பு தெரியாது. அடுத்த கிராம சபைக்கு வீடு கட்டும் எல்லோரும் சேர்ந்து போங்கள். தளம் போடும் நாட்களில் ஊராட்சியே நல்ல தண்ணீர் தர வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். கணவரை இழந்த பெண்கள், வயதானவர்கள் வீடுகளுக்கு முதல் டிரம் போகட்டும்.

அம்மாவை இன்றைக்கே அந்தக் கூரையின் கீழிருந்து வேறிடத்தில் படுக்கச் சொல்லுங்கள். பெயர்ந்த இடத்தை வெறும் பூச்சால் மூடாதீர்கள். உள்ளே துரு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.