ஹுவாஷான் மலைக்கு வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் டூர் காசுக்குத் தகுமா?

சீனாவின் சியான் நகரில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸ் வேலையாகத்தான் வருகிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அப்படிப் போனவள்தான்.

வழி காட்ட ஆள் தேவையில்லை. சியான் வடக்கு நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் ஹுவாஷான் வடக்கு நிலையம், அங்கிருந்து பஸ். மலை முழுக்கக் கல் படிதான். பாஷை தெரியாத பயத்தில் நான் டூருக்குப் பணம் கட்டினேன். "எல்லாம் சேர்த்து" என்றார்கள், அந்த எல்லாவற்றில் கேபிள் கார் கிடையாது என்பது அடிவாரத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மேற்கு உச்சிக்கு ஏற 140 யுவான், வடக்கு உச்சியிலிருந்து இறங்க 80 (நான் போனபோது). அதற்கும் முன்னால் ஒரு ஜேட் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த நேரம்தான் பிற்பாடு இடித்தது. தெற்கு உச்சிப் பக்கம் செங்குத்துப் பாறையில் பதித்திருக்கிற பலகைப் பாதையில் போன வழியிலேயேதான் திரும்பவும் வர வேண்டும், அதனால் வரிசை நகரவே இல்லை. "நேரமில்லை" என்று வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். 2154 மீட்டர் உச்சியில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம்.

"பிடிக்கலைன்னா ஏன் போனே" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் மாலையில் பஸ்ஸைக் கிளப்பியாக வேண்டும். ஆனால் தாவோ என்ற சீன மதத்தின் புனித மலை என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டு, கோயில் வாசல்களை எல்லாம் ஓட்டமாகக் கடந்தால் எப்படி? தலைமுடியை உச்சியில் கொண்டை போட்ட ஒரு துறவி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார், இவர்கள் இங்கேயேதான் இருப்பார்களா என்று வழிகாட்டியிடம் கேட்டேன், பதிலே வரவில்லை. கிழக்கு உச்சியில் சதுரங்க மண்டபத்தைத் தூரத்திலிருந்து காட்டி, சோங் வம்சத்தின் முதல் அரசர் சென் துவான் என்ற தாவோ துறவியிடம் ஆட்டத்தில் தோற்று இந்த மலையையே கொடுத்துவிட்டாராம் என்ற கதையை ஒலிபெருக்கியில் ஒரே மூச்சில் முடித்தார்.

ஒரே ஒரு இடத்தில் அவர் இருந்தது நல்லதாயிற்று. சாங்லோங் முகடு, இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் படி. எனக்குக் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாங் காலத்துப் பெரிய எழுத்தாளர் ஹான் யூ கூட இங்கே அழுது, கடிதம் எழுதிக் கீழே வீசினார் என்று சொன்னார். கதைதான், இருந்தாலும் வெட்கம் போனது, பாதித் தூரம் உட்கார்ந்தபடியேதான் இறங்கினேன்.

இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஞாயிறு அது. மறுநாள் படி இறங்க முடியாமல் நொண்டிக்கொண்டு போனால், ஊரிலிருந்து போனில் மேனேஜர், "என்னம்மா, கம்பெனி செலவில் டூரா?" டிக்கெட் என் காசு சார், என்று அன்றைக்குச் சொல்லவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் தனியாகப் போங்கள், முதல் ரயிலிலேயே. மேற்கில் ஏறி வடக்கில் இறங்குங்கள். அப்புறம், படியோரச் சங்கிலியைப் பிடித்து ஏறப் பருத்திக் கையுறை விற்பார்கள், பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.