கேபிளிலிருந்து ஃபைபருக்கு: நெட்டை மாற்றுங்கள், டிவிக்கு ஒரு கேள்வி கேளுங்கள்

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டில் இன்டர்நெட், டிவி இரண்டும் ஒரே கேபிள் இணைப்பில் வருகின்றன. பகலில் பரவாயில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் பேசினால், எதிரே இருப்பவர் எனக்கு நன்றாகத் தெரிகிறார். என் படம்தான் அவருக்கு அப்படியே நின்றுவிடுகிறதாம். இப்போது தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கிறது, டிவியும் சேர்த்துத் தருகிறார்கள். வீட்டில் இரண்டு டிவி, அதில் ஒன்று எச்டிஎம்ஐ இல்லாத பழைய செட். வாசலில் ஒரு கேமராவும் உண்டு. அப்பா, அம்மாவுக்கு டிவி ஒரு நாள் நின்றாலும் கஷ்டம். மாறலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நெட்டைத் தாராளமாக மாற்றுங்கள். டிவியை மட்டும் அதே நாளில் மாற்றாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன், இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள்.

லேப்டாப்பை மோடத்தில் ஈதர்நெட் வயர் போட்டு நேராக இணைத்து, எட்டரை மணி வாக்கில் வேகத்தைச் சோதியுங்கள். வயரில் நன்றாக ஓடி வைஃபையில் மட்டும் திணறினால், குறை கேபிளில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அப்படியானால் ஃபைபர் வந்தாலும் அதே திணறல்தான், பணம்தான் வீண். வயரிலும் அப்லோட் விழுந்து கிடந்தால் கேபிள்தான் காரணம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும். எதிராளியின் படம் ஒழுங்காக வருகிறது என்றால் டவுன்லோட் சரியாக இருக்கிறது. உங்கள் படம் நிற்கிறது என்றால் வெளியே போகும் பாதை அடைபடுகிறது.

கேபிளில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்தக் கம்பி முதலில் வீட்டுக்கு டிவி கொண்டுவருவதற்காகப் போடப்பட்டது. அதனால் அலைவரிசையில் பெரும்பகுதி வீட்டை நோக்கி வருவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து வெளியே போவதற்கு, பழைய கட்டமைப்புகளில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, சில இடங்களில் 65 வரை, ஒரு குறுகிய பட்டைதான். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதைத்தான் பங்கு போடுகின்றன. ஏதோ ஒரு வீட்டில் கனெக்டர் லூசாக இருந்தால், அதன் வழியே புகும் இரைச்சலும் அதே பட்டையில்தான் வந்து சேரும். மோடத்தை மாற்றினாலும் இது தீராது.

ஃபைபரிலும் பங்கு உண்டு. ‘உங்களுக்கு மட்டும் தனி லைன்’ என்று விற்பனைக்கு வருபவர் சொன்னால் நம்ப வேண்டாம். வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், ஒரே இழையை வழியில் ஸ்ப்ளிட்டர் வைத்துப் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து வரும் திசையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், போகும் திசையில் சுமார் 1.25 ஜிபிபிஎஸ். புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் முறையில் இரண்டு திசையிலும் சுமார் 10 ஜிபிபிஎஸ். போகும் திசைக்கும் இவ்வளவு இடம் இருப்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். ஒரு தெளிவான வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் அப்லோட் போதும். ஆகவே இருப்பதிலேயே பெரிய பிளானை வாங்க வேண்டியதில்லை. இரண்டு திசையிலும் 100 எம்பிபிஎஸ் இருந்தால் உங்கள் வீட்டுக்குத் தாராளம். சில பிளான்களில் ஃபைபராக இருந்தும் அப்லோடைக் குறைத்து வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது டவுன்லோட் எண்தான், அப்லோட் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்: வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழையா, அல்லது தெருமுனை வரை ஃபைபர் வந்து அங்கிருந்து செம்புக் கம்பியா? இரண்டாவது வகையையும் ஃபைபர் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நீங்கள் இப்போது வைத்திருக்கும் கேபிளிலும் தெருவரை ஃபைபர் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி டிவி. ‘டிவியும் தருகிறோம்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அதனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘டிவி எந்த வழியில் வருகிறது?’

முதல் வழியில், அதே இழையில் 1550 நானோமீட்டர் என்ற தனி ஒளியில் பழைய கேபிள் சிக்னலையே அனுப்புவார்கள். வீட்டில் இழை வந்து முடியும், ஒளியை நெட் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி பெட்டியிலேயே டிவி வயருக்கு ஒரு துளை இருக்கும். இதில் சேனல் பார்ப்பதால் நெட் வேகம் துளியும் குறையாது. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் டிவி வயரும் வீணாகாது. பழைய டிவி இருக்கும் வீட்டுக்கு இதுவே நல்லது. ஆனால் எல்லா நிறுவனங்களும் இதைத் தருவதில்லை.

இரண்டாவது ஐபிடிவி, அதாவது நெட் போலவே டேட்டாவாக வரும் டிவி. நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் அவர்களுடைய சொந்த லைனில் மட்டும்தான் வேலை செய்யும். நீங்கள் சேனலை மாற்றும்போது பாக்ஸ் அந்த ஒரு சேனலை மட்டும் கேட்டு வாங்குகிறது. படம் நிலையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு டிவிக்கும் தனி பாக்ஸ் வேண்டும்; இரண்டாவது பாக்ஸுக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். அந்த பாக்ஸுக்கு முடிந்தவரை ஈதர்நெட் வயர் இழுத்துவிடுங்கள். இந்தச் சேனல்கள், ஒரே ஓட்டத்தைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் மல்டிகாஸ்ட் என்ற முறையில் வருகின்றன, வைஃபைக்கும் அதற்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. படம் கட்டம் கட்டமாக உடைவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

மூன்றாவது வெறும் ஆப். ஸ்மார்ட் டிவியிலோ சின்ன ஸ்டிக்கிலோ போட்டுப் பார்ப்பது. இதைத் தனி டிவி சேவை என்று நான் எண்ண மாட்டேன். அது உங்கள் நெட்டில் ஓடும் இன்னொரு வீடியோ, அவ்வளவுதான். டேட்டா வரம்பு இருந்தால் அதிலிருந்துதான் கழியும். நேரலையும் சில பல நொடிகள் தாமதமாக வரும். பக்கத்து வீட்டில் கோல் என்று கத்திய பிறகுதான் உங்கள் திரையில் பந்து உள்ளே போகும்.

உங்கள் பழைய டிவி இரண்டாவது, மூன்றாவது வழிகளில் சிக்கும். புதிய பாக்ஸ்கள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி பின்கள் கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படும். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், திசையைப் பார்த்து வாங்குங்கள். சேனல் எண்களும் ரிமோட்டும் மாறுவதுதான் பெரியவர்களுக்கு நிஜமான தொல்லை. முதல் நாளே அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் சேனல்களை ஃபேவரிட்டில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பழைய பாக்ஸில் ஏதாவது பதிவு செய்து வைத்திருந்தால் அது பெரும்பாலும் அந்த பாக்ஸை விட்டு வெளியே வராது, திருப்பிக் கொடுப்பதற்குள் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இதனால்தான் சொல்கிறேன்: டிவி மட்டும் தனியாகக் கேபிளில் வாங்க முடியுமானால், முதல் மாதம் அதை அப்படியே வைத்திருங்கள். ஃபைபரில் நெட் மட்டும் ஓடட்டும். டிவி எந்த வழி என்பது தெளிவாகி, ஒரு பாக்ஸை ஹாலில் போட்டு அப்பா அம்மா பழகிய பிறகு இரண்டாவது செட்டைத் தொடலாம்.

ஃபைபர் போட வரும் நாளில் வீட்டில் இருங்கள். அன்று தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஓஎன்டியை எங்கே வைப்பது என்பது. வயர் நுழையும் மூலையிலேயே மாட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மூலையில் இருக்கும் வைஃபை பாதி வீட்டுக்கும் பாதி தெருவுக்கும் போகும். வீட்டின் நடுப்பகுதி வரை இழையை இழுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குள் ஓடும் இழை வளைவைத் தாங்கும் ரகம்தான். 10 மில்லிமீட்டர், சில ரகங்களில் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைக்கலாம். அதற்கு மேல் மடித்தால் ஒளி பக்கவாட்டில் கசியும். கதவிடுக்கில் நசுக்குவது, டேக் போட்டு இறுக்கிக் கட்டுவது, ஆணி அடிப்பது கூடாது. பிறகு இடம் மாற்றினால் மறுபடி ஆள் வந்து இழையை ஸ்ப்ளைஸ் செய்ய, அதாவது ஒட்டி இணைக்க வேண்டியிருக்கும், அதனால் அன்றே பேசிவிடுங்கள்.

வேலை முடிந்ததும், வந்து சேரும் ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளக்கும் பவர் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். எண் மைனஸில் இருக்கும். ஜிபானில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை ஓஎன்டி வேலை செய்யும். மைனஸ் 15க்கும் 24க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு லேசாக ஒரு வளைவு விழுந்தாலும் நின்றுவிடும். அப்படி இருந்தால் கனெக்டரைத் துடைத்து, ஸ்ப்ளைஸை மறுபடி போட்டுத் தரச் சொல்லி அன்றே கேளுங்கள். அந்த எண்ணை ஓஎன்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோளாறு வந்து, அன்று மைனஸ் 19 இருந்தது இன்று மைனஸ் 26 என்றால், குறை லைனில்தான் என்று பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

பச்சை நிறக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீல நிறத்தது அப்படியில்லை, ஒன்றில் இன்னொன்றைச் சொருகக் கூடாது. முனையை விரலால் தொடாதீர்கள், கழற்றிய இழைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெட்டிப் போட்ட துண்டுகள் முடி அளவுக்குக் கண்ணாடி, காலில் ஏறினால் எடுப்பது கடினம். தரையை டேப்பால் ஒற்றி எடுக்கும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அப்புறம், வேகத்தை வயரில்தான் சோதிக்க வேண்டும். 100க்கு மேற்பட்ட பிளான் எடுத்தும் மீட்டர் 94, 95லேயே நின்றால் ஃபைபரைக் குறை சொல்ல வேண்டாம். நடுவில் பழைய ஈதர்நெட் வயரோ 100 எம்பிபிஎஸ் போர்ட்டோ இருக்கிறது. புதிய ரவுட்டரில் வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிட்டால் போன், டிவி, பிரிண்டர் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

உங்கள் கேமராவை, அதைத் தயாரித்தவர்களின் ஆப் வழியாக மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் கவலையில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக ஒரு வழி திறந்து வைத்துப் பார்ப்பவராக இருந்தால், மாறிய அன்றே அது நின்றுபோகலாம். பல நிறுவனங்கள் இன்டர்நெட்டில் வெளியே தெரியும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்களுக்கும் அப்படித்தான். தனி பொது ஐபி வேண்டும் என்று கேளுங்கள், சில இடங்களில் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள்.

மின்சாரம் போனால் ஓஎன்டியும் ரவுட்டரும் அணைந்துவிடும். வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கோ மின்சாரமே தேவையில்லை. கேபிளில் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குத் தேவை. அதனால் இரண்டு பெட்டிக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வைத்தால், தெருவே இருட்டாக இருந்தாலும் பெரும்பாலும் நெட் ஓடும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய இணைப்பை உடனே நிறுத்தாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் இரண்டும் ஓடட்டும், சனி ஞாயிறு இரவுகளும் அதற்குள் வரட்டும். கேபிளோடு வீட்டுத் தொலைபேசி எண் இருந்தால், எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றி முடித்த பிறகே பழையதை நிறுத்தச் சொல்ல வேண்டும். முதலிலேயே நிறுத்தினால் எண் கையை விட்டுப் போய்விடலாம். பழைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை வங்கிக்கோ வேறெங்கோ கொடுத்திருந்தால் அதையும் இந்த வாரங்களில் மாற்றிவிடுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று பில்லைப் பாருங்கள். கடைசியில் மோடம், செட்டாப் பாக்ஸ், அடாப்டர், ரிமோட் எல்லாவற்றையும் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீதும், எந்தத் தேதியோடு பில் நிற்கிறது என்று எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.