‘சுகர் ஃப்ரீ’ புரோட்டீன் பவுடர் குடித்தும் சுகர் ஏறுவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. டைப் 2 சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். உடம்பு தளர்ந்துபோயிருக்கிறதே என்று ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டிருந்த புரோட்டீன் பவுடர் வாங்கினேன். காலையில் பாலில் கலந்து குடிக்கிறார். அதிலிருந்து சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் ஏறுகிறது. அதில் கலந்திருக்கும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்புதான் காரணமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சுக்ரலோஸ் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சீனியைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு என்பதால் அதைச் சில மில்லிகிராம்தான் சேர்ப்பார்கள். அந்த அளவு தானாகச் சுகரை ஏற்றிவிடாது. டப்பாவின் பின்பக்கத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இது மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி. நாக்கில் அவ்வளவாக இனிக்காது, ஆனால் குளுக்கோஸுக்கு இணையான வேகத்தில் ரத்தத்தில் கலக்கும். லேபிள் கணக்கில் இது ‘சர்க்கரை’ வரியில் வராது, ‘மொத்த கார்போஹைட்ரேட்’ வரியில் போய்விடும். 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) விதி இடம் தருகிறது. அதனால் முன்பக்க வாசகம் விதிப்படி சரியாகவே இருந்தாலும் சுகர் ஏறும். நோயாளிகளுக்கென்றே விற்கும் பொருளில் இப்படி நடப்பது எனக்கு ஏற்புடையதில்லை.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளதுதான் முதலில் வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் முதல் மூன்று பெயர்களுக்குள் இருந்தால் அந்த டப்பா அம்மாவுக்கு வேண்டாம். இனிப்பூட்டியின் பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டிருந்தால் 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 951 அஸ்பார்டேம். 965 என்றால் மால்டிடால்: சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு சுகரை ஏற்றும், கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும்.

பாலையும் கணக்கில் சேருங்கள். 200 மில்லி பாலில் இயற்கையாகவே 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. ஒருநாள் பவுடரைத் தண்ணீரில் மட்டும் கலந்து கொடுத்து, குடிக்கும் முன்பும் 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பவுடரா, பாலா என்பது ஓரளவு பிடிபடும்.

‘செயற்கை இனிப்பு கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை வைத்தும் பயப்பட வேண்டாம். 2023-இல் வந்த அந்தப் பரிந்துரை, உடல் எடையைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்பது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது.

சப்பிச் சாப்பிடும் விட்டமின் மாத்திரை, ஜெல்லி மிட்டாய் போன்ற விட்டமின் ‘கம்மி’ (gummy) ஏதாவது கொடுக்கிறீர்களா? பலவற்றில் நேரடியாகச் சீனியே இருக்கும். விழுங்கும் மாத்திரையாக வாங்குங்கள்.

லேபிளில் இருப்பதற்கும் விளம்பரத்தில் சொன்னதற்கும் பொருத்தமில்லை என்று தெரிந்தால் டப்பாவின் இரு பக்கங்களையும் படமெடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். வேறு புரோட்டீன் பவுடர் வாங்கும் முன் அம்மாவுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் எவ்வளவு புரதம் சேர்க்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.