185 கட் ஆஃப்: எந்தக் கல்லூரி கிடைக்கும், எந்த உதவித்தொகை வரும்?

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். பன்னிரண்டு வருடமாக, ரிசல்ட் வந்ததும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் தயார் செய்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கேட்பவர்கள் மதிப்பெண்ணோடு சமூகப் பிரிவு, வேண்டிய பாடப்பிரிவு, தரவரிசை எண் மூன்றையும் எழுதுங்கள்.

திருவண்ணாமலை மாணவி: மேடம், கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 91. நல்ல கல்லூரி கிடைக்குமா?

முதலில் கட் ஆஃப் கணக்கைப் போடுவோம். கணித மதிப்பெண் அப்படியே வரும், மற்ற இரண்டும் பாதியாகும். 96 + 44 + 45.5 = 185.5. இருநூறுக்கு இது நல்ல மதிப்பெண்தான் மா. ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்து எந்தக் கல்லூரி என்று நான் சொல்ல மாட்டேன்.

போன வருடம் 185.5 வரை ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கலாம். இந்த வருடம் வேதியியல் வினாத்தாள் எளிதாக வந்து நிறையப் பேர் சென்டம் எடுத்திருந்தால், அதே 185.5-க்கு முன்னால் இன்னும் பல பேர் நிற்பார்கள். உன் மதிப்பெண் மாறவில்லை, வரிசையில் நீ நிற்கும் இடம் மாறிவிட்டது. இடம் ஒதுக்குவது அந்த வரிசையைப் பார்த்துத்தான். 2006-இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிடச் சட்டம் வந்ததிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே அளவுகோல். அதனால் ஒரு வினாத்தாள் எளிதா கடினமா என்பது நேராகக் கலந்தாய்வில் வந்து நிற்கிறது. போன வருடக் கட் ஆஃபோடு உன் கட் ஆஃபை ஒப்பிடாதே. போன வருடம் அங்கே கடைசியாக இடம் வாங்கியவரின் தரவரிசை எண்ணோடு உன் தரவரிசை எண்ணை ஒப்பிடு.

தரவரிசைப் பட்டியலில் உனக்கு இரண்டு எண் இருக்கும். ஒன்று பொது வரிசை, இன்னொன்று உன் சமூகப் பிரிவுக்குள் வரிசை. 31 சதவீதப் பொது இடங்களில் முதலில் உன் பெயரைப் பார்ப்பார்கள். அங்கே கிடைக்காவிட்டால் உன் பிரிவின் ஒதுக்கீட்டில் பார்ப்பார்கள்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 சதவீதம். ஒரே மதிப்பெண்ணில் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதே.

தரவரிசை எண் வந்ததும் மறுபடி எழுது.

ராமநாதபுரம் மாணவன்: நானும் என் நண்பனும் 179. அவன் எனக்கு நானூறு பேருக்கு முன்னால் இருக்கிறான். தவறு நடந்திருக்குமா?

இல்லை தம்பி. மதிப்பெண் சமமானால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதியும் வரும், எல்லாம் சமமானால்தான் ரேண்டம் எண். உன் நண்பன் கணிதத்தில் உன்னைவிட ஒரு மதிப்பெண் கூட வாங்கியிருப்பான்.

கும்பகோணம் அம்மா: என் மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா?

கிடையாதுங்க. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அதே ஏழ்மை, அதே தமிழ் வழி, பள்ளியின் பெயர்ப்பலகை மட்டும் வேறு. ஆனால் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழ் வழியில் படித்த உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் நீட்டித்திருக்கிறார்கள். படிப்பு முடியும் வரை மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று. 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. "தனியார் கல்லூரி நமக்குக் கட்டாது" என்று பட்டியலிலேயே எழுதாமல் விடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். எழுதுங்கள்.

தருமபுரி அப்பா: மகள் 191. வருமானம் ஆண்டுக்கு நாலு லட்சம். மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை என்ன கிடைக்கும்? ஒரு தனியார் கல்லூரி "நூறு சதவீத ஸ்காலர்ஷிப்" தருகிறேன் என்று போன் செய்கிறது.

அரசுப் பணத்தை முதலில் பார்ப்போம் ஐயா. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்தியத் துறை உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. தன் கல்வி வாரியத்தில் முதல் 20 சதவீதம் பேருக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு ரூ.12,000, நாலாம் வருடம் ரூ.20,000. ஒவ்வொரு வருடமும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்தால்தான் தொடரும். பெண் பிள்ளை என்பதால் தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.-யின் பிரகதி உதவித்தொகையும் பாருங்கள். வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை, ஆண்டுக்கு ரூ.50,000. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அதனால் பிரகதிக்கு முதலில் முயலுங்கள். வீட்டில் உங்கள் மகள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கிவிடுங்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போய்விடும்.

அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். 191 வாங்கிய பிள்ளையை அவர்கள் விரும்புவது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் நாலு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். நூறு சதவீதம் எதில், கல்விக் கட்டணத்திலா, விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தா? நாலு வருடமுமா, முதல் வருடம் மட்டுமா? ஒரு பாடத்தில் அரியர் வைத்தால் நிற்குமா? கலந்தாய்வில் வேறு இடம் கிடைத்து விலகினால் என்ன ஆகும்? சில வருடத்துக்கு முன் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி இப்படிச் சேர்ந்தாள். இரண்டாம் பருவத்தில் ஒரு பாடம் போனது, சலுகையும் போனது. அவள் அப்பா நிலத்தை அடகு வைத்துத்தான் மீதி மூன்று வருடத்தையும் கட்டினார்.

அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. ஏ.ஐ.சி.டி.இ. குறித்த தேதிக்குள் விலகினால் ரூ.1,000-க்கு மேல் பிடிக்கவும் கூடாது.

வேலூர்: 172. கிடைக்குமா?

எது கிடைக்குமா? முதல் பதிலைப் படியுங்கள்.

சேலம் மாணவன்: அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் வரும் போலிருக்கிறது. நல்ல தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸும் வரும். எதை மேலே போடட்டும்?

கிண்டியைப் போடு என்பேன். கட்டணம் குறைவு. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம், முன்னாள் மாணவர்கள் இல்லாத துறையே இல்லை. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் எல்லாப் பிரிவையும் அனுமதிப்பவையும் உண்டு.

ஓசூரில் பணிபுரியும் பொறியாளர்: மேடம், இதை ஏற்க மாட்டேன். நான் பெயருக்காகச் சேர்ந்து பிடிக்காத பிரிவில் நாலு வருடம் தவித்தவன். எல்லாப் பிரிவையும் அனுமதிக்கும் நிறுவனம் வந்தாலும் கோடிங் தேர்வில் கம்ப்யூட்டர் மாணவனோடுதான் போட்டி.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சேலம் தம்பிக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

கோவை அம்மா: கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எல்லோரும் ஓடுகிறார்கள். இவ்வளவு பேருக்கு வேலை எங்கே?

அந்தக் கவலை எனக்கும் உண்டு. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பை 2024-25-இல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியது. அதன் பிறகு கம்ப்யூட்டர் இடங்களைக் கூட்டிய கல்லூரிகள் பல. போன வருடக் கடைசி எண்ணுக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பவர்களும் அந்தப் பிரிவை எழுதிப் பார்க்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் இடம் எளிதாகக் கிடைப்பது வேறு, நாலு வருடம் கழித்து வேலை கிடைப்பது வேறு.

ஓசூர் பொறியாளர்: அப்படியானால் என் பக்கம் வந்துவிட்டீர்களா?

பாதி வந்திருக்கிறேன். வசதியில்லாத வீடு என்றால் கட்டணம் குறைந்த அரசு வளாகம்தான் என்பதில் மாற மாட்டேன். அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் தோல் தொழில்நுட்பத்தையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.-யின் ரப்பர், பிளாஸ்டிக் பிரிவையும் என்னவென்று விசாரிக்காமலே தள்ளுகிறார்கள். அது எனக்கு வலிக்கிறது. ஆனால் பிள்ளை அந்தப் பாடத்திட்டத்தை ஒரு முறையாவது படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும், இதை நீங்கள் சொல்லித்தான் சேர்க்கிறேன். சேலம் தம்பி, இரண்டு பாடத்திட்டத்தையும் எடுத்துப் படி. இந்த வாதம் இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாமக்கல் மாணவி: கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் வாய்ப்பு வீணாகுமா?

ஆகாது. உன் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள். ஆசைப்பட்டதை மேலே எழுது. கிடைத்தாலும் சேர மாட்டேன் என்பதை எழுதவே எழுதாதே. "ஏற்றுக்கொண்டு மேல்வாய்ப்புக்குக் காத்திருக்கிறேன்" என்று கொடுத்தால், மேலே உள்ளது கிடைத்த நொடியில் கையிலிருக்கும் இடம் போய்விடும், அதையும் நினைவில் வை.

இன்னொன்று. ஒரே கல்லூரியில் ஒரே பிரிவு இரண்டு முறை இருக்கும், ஒன்றின் பின்னால் "எஸ்.எஸ்." என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் பல மடங்கு. கோவையில் பி.எஸ்.ஜி. என்று தொடங்கும் பொறியியல் கல்லூரியே இரண்டு உண்டு. பெயரைப் பார்க்காதே, கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.-யையும் பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வராதே.

மதுரை: திருச்சி என்.ஐ.டி. எப்படி மேடம்?

அதற்கு ஜே.இ.இ. மெயின் என்ற தேசிய நுழைவுத் தேர்வின் தரவரிசை வேண்டும். பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பது மட்டும் தெரியும். மற்றதை ஜே.இ.இ. நடத்தும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

விழுப்புரம்: 168 மேடம், எந்தக் கல்லூரி?
தென்காசி: 181.5, இ.சி.இ. வருமா?
அரியலூர்: 155-க்கு ஏதாவது?

மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்: தரவரிசை எண், சமூகப் பிரிவு. அரியலூர் தம்பிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. கடைசிச் சுற்றிலும் இடங்கள் நிறைய மீதி இருக்கும். பயந்துபோய் இப்போதே எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதே.

திருவண்ணாமலை மாணவி: மேடம், எண் வந்துவிட்டது. எம்.பி.சி. வரிசை எண்ணும் இருக்கிறது. இப்போது என்ன செய்யட்டும்?

ஒரு நோட்டை எடு. போன வருட ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திறந்து, உனக்குப் பிடித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் பிரிவுக்கும் எம்.பி.சி.-யில் கடைசியாக இடம் வாங்கியவரின் வரிசை எண்ணை எழுது. உன் எண்ணைவிட அது சின்னதாக இருந்தால் கஷ்டம், பெரியதாக இருந்தால் வாய்ப்பு உண்டு. கஷ்டமானதில் ஒரு இருபது, கிட்டத்தட்ட சமமானதில் ஒரு இருபது, நிச்சயம் வரும் என்பதில் ஒரு இருபது, ஆனால் எல்லாமே நீ சேர விரும்பும் இடங்களாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வரிசைப்படுத்து. இணையத்தில் பட்டியலை லாக் செய்து உறுதிப்படுத்துவதற்கு முந்தைய நாள் எனக்கு அனுப்பு, குறியீட்டு எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.