நாய், பூனை வளர்ப்பவர்கள் தங்களை அதன் அப்பா அம்மாவாக நினைத்துக்கொள்வது சரியா?

பாசத்தைப் பொறுத்தவரை தப்பே இல்லை. "அப்பாகிட்ட வாடா" என்று தாராளமாகக் கூப்பிடலாம். 2015-இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஆக்சிடோசின் கூடுகிறது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையிலான பிணைப்பில் வேலை செய்யும் அதே ஹார்மோன்.

சிக்கல் வேறு இடத்தில். பிள்ளை என்று நினைத்ததும் நாம் தின்பதையெல்லாம் அதற்கும் ஊட்டத் தோன்றும். பிறந்தநாள் சாக்லேட், பிரியாணியில் கிடக்கும் வெங்காயம், திராட்சை, மூன்றுமே நாய்க்கு நஞ்சு. நடக்கக் கூட்டிப்போனால் கம்பத்துக்குக் கம்பம் நின்று மோப்பம் பிடிக்கும். "சீ, அழுக்கு" என்று இழுப்போம். அந்த வழியாக எந்த நாய் போனது என்று அது தெரிந்துகொள்வதே அப்படித்தான்.

அப்புறம், பிள்ளை வளர்ந்து தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். நாய் சாகும்வரை சோற்றுக்கும் ரேபிஸ் தடுப்பூசிக்கும் உங்களையே நம்பியிருக்கும். வலி தாங்காத கிழநாய்க்குக் கருணைக்கொலை ஊசி போடலாமா என்று மருத்துவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். நம்மூரில் எந்த அப்பா அம்மாவிடமும் யாரும் அதைக் கேட்பதில்லை.