டவுன் சென்டரில் இருந்த பெரிய கடை ஊருக்கு வெளியே ரீடெய்ல் பார்க்குக்குப் போகிறது. கார் இல்லாத நாங்கள் என்ன செய்யலாம்? (இங்கிலாந்து)

கடை மூடுவதை உங்களால் தடுக்க முடியாது. குத்தகைக் காலம் முடிந்தால் போய்விடலாம். இடையிலேயே விலகிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கு முன்பே போகலாம். இரண்டுக்கும் கவுன்சிலிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் போய்ச் சேரும் இடத்துக்குப் பல சமயம் அனுமதி வேண்டியிருக்கும். உங்களுக்குப் பிடி இருப்பது அங்கேதான். "எங்கள் கடையை மூடாதீர்கள்" என்று கையெழுத்து வாங்குவதிலேயே ஊர்க்காரர்களின் சக்தியெல்லாம் போய்விடுகிறது. புதிய இடத்துக்கான விண்ணப்பத்தை ஒருவரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் அதிகம்.

ஏன் போகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹை ஸ்ட்ரீட், அதாவது ஊரின் முக்கியக் கடைத்தெருவில் கட்டடங்கள் பழையவை, இரண்டு மூன்று மாடி. சரக்கு லாரி பின்சந்தில் நிற்க வேண்டும், சரக்கை லிஃப்டில் ஏற்ற வேண்டும். ரீடெய்ல் பார்க்கில் எல்லாம் ஒரே தளம், வாசலிலேயே இலவச பார்க்கிங். காரில் வருகிறவர் ட்ராலி நிறைய வாங்குவார், பஸ்ஸில் வருகிறவர் கைக்கு அடங்குவதைத்தான் வாங்குவார். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2022-க்குள் 100-க்கும் மேற்பட்ட கடைகளை மூடப்போவதாக 2018-இல் அறிவித்ததற்குப் பின்னாலும் இந்த மாதிரிக் கணக்குகள் இருந்தன.

இனி வேலைக்கு வருவோம். கவுன்சில் இணையதளத்தின் பிளானிங் தேடலில் புதிய இடத்தின் போஸ்ட்கோடைப் போடுங்கள். நடப்பு விண்ணப்பத்தோடு நிறுத்தாமல், அந்தக் கட்டடத்துக்கு முதலில் கொடுத்த அனுமதியையும் தேடி எடுங்கள். 1980-களிலும் 90-களிலும் கட்டிய ரீடெய்ல் பார்க்குகள் பலவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஃபர்னிச்சர், கார்பெட், வீட்டு மராமத்துச் சாமான் போன்ற பருமனான பொருட்களை மட்டுமே விற்கலாம். 2020 செப்டம்பர் 1 முதல் கடை, அலுவலகம், ஜிம் எல்லாம் 'கிளாஸ் ஈ' என்ற ஒரே வகைக்குள் வந்துவிட்டதால் இனி யார் எதை விற்றாலும் கேள்வி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தெளிவாக எழுதப்பட்ட நிபந்தனை இன்றும் செல்லும். துணியோ மளிகையோ விற்க வேண்டுமானால் பிளானிங் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் கீழ் நிபந்தனையை மாற்றக் கேட்க வேண்டும். அப்படியொரு நிபந்தனையே இல்லாத கட்டடமாக இருந்தால் விண்ணப்பமே வராது. அப்போது கீழே சொல்லும் பஸ், மருந்துக்கடை, பழைய கட்டடம் ஆகியவற்றின் மேல் கவனம் வையுங்கள்.

கருத்துச் சொல்ல குறைந்தது 21 நாள் கிடைக்கும். "எனக்குத் தூரம்", "மற்ற கடைகளுக்கு வியாபாரம் போய்விடும்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. சட்டம் பார்ப்பது ஊர் மையத்துக்கு வரும் பாதிப்பை. 'சீக்வென்ஷியல் டெஸ்ட்' என்று ஒன்று உண்டு. பெரிய கடைக்கு முதலில் டவுன் சென்டருக்குள் இடம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதன் ஓரத்தில், அதாவது முக்கியக் கடைத்தெருவிலிருந்து சுமார் 300 மீட்டருக்குள். அங்கும் இல்லாவிட்டால்தான் வெளியே. உள்ளூர்த் திட்டத்தில் வேறு அளவு குறிப்பிடவில்லையென்றால், 2,500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்குப் பாதிப்பு அறிக்கையும் கேட்கப்படும்.

எதிர்ப்புகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "சின்னதாகக் கட்டினால் டவுனிலேயே இடம் இருக்கிறதே" என்று எழுதுவார்கள். டண்டீ நகரக் கவுன்சில் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விண்ணப்பதாரர் கட்ட நினைக்கும் கடைக்கு அந்த இடம் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்து வழக்கு என்றாலும் இங்கிலாந்திலும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆகவே பொதுவாக எழுதாதீர்கள். டவுனில் காலியாக இருக்கும் குறிப்பிட்ட கட்டடத்தின் முகவரி, தரைத்தளப் பரப்பு சதுர மீட்டரில், லாரி வந்து நிற்க வழி, எப்போதிலிருந்து கிடைக்கும் என்பதைக் குறிப்பிடுங்கள். வாடகைக்கு விடும் ஏஜெண்டின் விளம்பரத்தாளில் இவை இருக்கும், அதையும் இணையுங்கள். கடையின் அமைப்பிலும் அளவிலும் விட்டுக்கொடுத்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். தேசியக் கொள்கையே அதைக் கோருகிறது.

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் சொல்லி விண்ணப்பத்தைக் கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் பிளானிங் கமிட்டிக்கு வரவழையுங்கள். இல்லாவிட்டால் அதிகாரி மட்டத்திலேயே முடிந்துவிடக்கூடும். அனுமதி கொடுத்துவிட்டால் எதிர்த்தவர்களுக்கு அப்பீல் கிடையாது. மிஞ்சுவது நீதிமன்ற மறுஆய்வு, அதற்கும் ஆறு வாரம்தான், செலவும் அதிகம்.

அனுமதி நிச்சயம் என்று தெரிந்தால் எதிர்ப்போடு நின்றுவிடாதீர்கள், நிபந்தனை கேளுங்கள். பஸ் ஸ்டாப் கடை வாசலிலிருந்து 400 மீட்டருக்குள் வர வேண்டும். ஸ்டாப்பிலிருந்து கார்கள் திரும்பும் இடத்தைக் குறுக்கே கடக்காமல், வீல்சேரும் தள்ளுவண்டியும் போகும் தனி நடைபாதை வேண்டும். மாலையிலும் ஞாயிறன்றும் பஸ் ஓட வேண்டும். இதற்கான பணத்தை 106-ஆம் பிரிவு ஒப்பந்தத்தில், அதாவது அனுமதிக்காகக் கட்டுபவர் கவுன்சிலோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், எழுத வைக்க முடியும். எத்தனை வருடத்துக்கு என்பதை மறக்காமல் கேளுங்கள். அந்தப் பணம் தீர்ந்த பிறகு போதிய கூட்டம் இல்லையென்றால் பஸ் நின்றுவிடும், கடை மட்டும் அங்கேயே இருக்கும். லண்டனுக்கு வெளியே ஒரு வழித்தடத்தை நிறுத்த கம்பெனி பொதுவாக 70 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்: முதல் 28 நாள் உள்ளூர் நிர்வாகத்துக்கு, அடுத்த 42 நாள் பஸ் வழித்தடங்களைப் பதிவு செய்யும் டிராஃபிக் கமிஷனருக்கு. கவுன்சிலில் பேசி மானியம் கேட்க வேண்டியது அந்த முதல் 28 நாளில்.

கடைக்குள் என்எச்எஸ் மருந்துச்சீட்டு வாங்கும் ஃபார்மஸி இருந்ததா? அதைத் தனியாகக் கவனியுங்கள். கடை தன் விருப்பப்படி இடம் மாறலாம், ஃபார்மஸி மாற முடியாது. என்எச்எஸ் ஃபார்மஸிகளுக்கான 2013 விதிகளின் 24-ஆம் விதிப்படி, பழைய இடத்துக்குப் பழகிய நோயாளிகளுக்குப் புதிய இடம் முன்பைவிடக் கணிசமாகப் போய்வரக் கடினமானதாக இருக்கக் கூடாது. இதை முடிவு செய்யும் உங்கள் பகுதியின் என்எச்எஸ் 'இண்டகிரேட்டட் கேர் போர்டு'க்கு எழுதுங்கள். கார் இல்லாத முதியவர்கள், பஸ் நேரம், நடக்கும் தூரம் எல்லாம் அங்கே எடுபடும் வாதங்கள்.

பழைய கட்டடத்தையும் விட்டுவிடாதீர்கள். போகிற சூப்பர்மார்க்கெட் "இங்கே இனி மளிகைக்கடை வரக்கூடாது" என்று நிபந்தனை போட்டு விற்கிறதா என்று லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (சொத்துப் பதிவு அலுவலகம்) அந்தக் கட்டடத்தின் பதிவை வாங்கிப் பாருங்கள். 2010-இன் 'கண்ட்ரோல்ட் லேண்ட்' ஆணை பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் போட்டியை முடக்கும் இத்தகைய நிபந்தனைகளைப் போடுவதைத் தடுக்கிறது. அப்படி இருந்தால் போட்டி ஆணையமான சிஎம்ஏ-விடம் புகார் செய்யலாம். டெஸ்கோ இந்த ஆணையைப் பல இடங்களில் மீறியதை 2020-இல் அது வெளியிட்டது. கட்டடம் 24 மாதத்தில் 365 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால், 2024 டிசம்பர் முதல் கவுன்சிலே அதன் வாடகை உரிமையை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஏலம் விடலாம். அது கவுன்சில் விரும்பினால் பயன்படுத்தும் அதிகாரம், கட்டாயம் இல்லை. அதனால் கடை மூடிய தேதியைப் படத்தோடு குறித்து வைத்து, ஓராண்டு முடிந்ததும் அந்த முகவரியைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.